ஏழு நாற்காலிகள் – 9: லாரிகள் நின்ற மாதம்

சென்ற பகுதியில் சாந்தியாகோ நகரில் ஓர் அறுகோண அறை உருவாகத் தொடங்கியதைப் பார்த்தோம். ஏழு சுழல் நாற்காலிகள். சுவர்களில் திரைகள். மேசை கிடையாது, காகிதம் கிடையாது. ஒரு நாட்டின் தொழிற்சாலைகள் இன்றைக்கு என்ன நிலையில் இருக்கின்றன என்பதைச் சிலர் ஒன்றாக உட்கார்ந்து பார்த்து, அங்கேயே முடிவெடுப்பதற்கான அறை.

தொடருக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதுவரையிலான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1970 நவம்பரில் சிலி நாட்டின் அதிபராகப் பொறுப்பேற்றார் சால்வதோர் அயெந்தே. தொழிலால் மருத்துவர், கொள்கையால் சோசலிஸ்ட். தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 36 சதவீதத்துக்குச் சற்று அதிகமான வாக்குகள்தான். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை எதிர்க்கட்சிகளிடம் இருந்தது. ஆனாலும் ஓராண்டுக்குள் பெரும் செப்புச் சுரங்கங்கள், வங்கிகள், ஆலைகள் என்று ஒவ்வொன்றாக அரசின் கைக்கு வந்தன. வந்தவற்றை யார், எப்படி நடத்துவது?

அந்தக் கேள்வியோடு 1971 ஜூலை 13 அன்று இங்கிலாந்துக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் பெர்னாந்தோ ப்ளோரெஸ், வயது 28, அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான கோர்ஃபோவில் உயர் பொறுப்பில் இருந்த பொறியாளர். பெற்றவர் ஸ்டாஃபோர்ட் பியர், அமைப்புகளைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று ஆராயும் சைபர்நெடிக்ஸ் என்ற புதிய துறையை நிர்வாகத்துக்குள் கொண்டுவந்த ஆங்கிலேயர். நவம்பரில் பியர் சாந்தியாகோவில் இறங்கினார். ‘சைபர்சின்’ பிறந்தது.

திட்டத்துக்கு நான்கு கால்கள். தொழிற்சாலைகளை இணைக்கும் டெலக்ஸ் வலை. அங்கிருந்து வரும் எண்களைப் படிக்கும் கணினி நிரல். பொருளாதாரத்தின் எதிர்காலத்தை முன்கூட்டி ஓட்டிப் பார்க்கும் ஒரு மாதிரி. கடைசியாக, அந்த அறை.

1972 அக்டோபரில் இந்த நான்கில் நம்பி நிற்கக்கூடிய காலாக இருந்தது முதலாவது மட்டும்தான். இந்த வாரக் கதை அதைப் பற்றியது.

*

சிலியின் வரைபடத்தை ஒருமுறை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும் நாடு. வடக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர். அகலம் சராசரியாக 180 கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு பக்கம் ஆண்டீஸ் மலை, மறுபக்கம் பசிபிக் கடல்.

இப்படிப்பட்ட நாட்டில் பொருள்கள் ஒரே திசையில்தான் ஓட முடியும்: மேலும் கீழும். செம்பு வடக்கே பாலைவனத்தில். கோதுமையும் இறைச்சியும் பாலும் நடுவிலும் தெற்கிலும். தின்பதற்கு வாய்கள் பெரும்பாலும் தலைநகரில். இவற்றை இணைப்பது ஒரு நெடுஞ்சாலையும் ஒரு ரயில் பாதையும். சரக்கின் பெரும்பங்கு லாரிகளில்தான் போய்க்கொண்டிருந்தது.

லாரிகள் யாருடையவை? பெரிய கம்பெனிகளுடையவை அல்ல. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருந்த சிறு முதலாளிகளே மிகுதி. பலர் தாங்களே வண்டி ஓட்டியவர்கள். கடன் வாங்கி வண்டி வாங்கியவர்கள், அந்த ஒரு வண்டியை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள். அவர்களது கூட்டமைப்பில் சுமார் 40,000 பேர் இருந்தார்கள். தலைவர் லியோன் விலரின்.

இவர்களுக்கு உண்மையான குறைகள் இருந்தன. அமெரிக்கா கடனை நிறுத்தியிருந்தது. உதிரி பாகங்களும் டயர்களும் கிடைப்பது கடினமாகியிருந்தது. விலைவாசி பறந்துகொண்டிருந்தது. 1972 முடிவதற்குள் விலைகள் இரண்டரை மடங்குக்கும் மேல் ஏறப்போகின்றன. வாடகையை அரசு கட்டுப்படுத்த, வண்டியை ஓட்டும் செலவு கட்டுக்கடங்காமல் போயிற்று. இந்தக் கோபத்தைச் சதி என்ற ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டால் அந்த அக்டோபரை நாம் புரிந்துகொள்ள முடியாது.

தீப்பொறி விழுந்தது தெற்குக் கோடியில். அய்சேன் மாகாணம். அன்றைக்குச் சாந்தியாகோவிலிருந்து சாலை வழியாகச் சிலி மண்ணிலேயே போய்ச் சேர முடியாத, தீவுகளும் பனிமலைகளும் நிறைந்த பகுதி. அங்கே அரசு ஒரு போக்குவரத்து நிறுவனத்தைத் தொடங்க நினைத்தது. தலைநகரில் இருந்து பார்த்தால் பின்தங்கிய ஒரு மூலைக்குச் செய்யும் நியாயமான உதவி. லாரிக்காரர் கண்ணில் அதுவே, நாளை நாடு முழுக்க வரப்போகும் நாட்டுடைமையின் முதல் படி.

இரண்டு பார்வைகளும் அவரவர் இடத்தில் நின்று பார்த்தால் சரியானவை. நிர்வாகத்தில் பெரும் விபத்துகள் பலவும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

*

அக்டோபர் 9 நள்ளிரவு கடந்தபோது லாரிகள் நின்றன.

முதல் நாள், இது ஒரு தொழில் தகராறு. நான்காம் நாள், நாடு தழுவிய முற்றுகை. கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கினார்கள். பேருந்து முதலாளிகள் சேர்ந்துகொண்டார்கள். பொறியாளர்கள், வங்கி ஊழியர்களில் ஒரு பகுதியினர், பிறகு மருத்துவர்கள், வழக்கறிஞர்கள். சில ஆலை நிர்வாகங்கள் கதவைப் பூட்டிவிட்டுத் தொழிலாளியை வீட்டுக்குப் போகச் சொன்னதும் நடந்தது. விலரினும் சக தலைவர்களும் கைது செய்யப்பட்டார்கள். அது தீயைப் பெருக்கவே உதவியது. மாகாணங்கள் ஒவ்வொன்றாக நெருக்கடி நிலையின் கீழ் வந்தன.

வேலைநிறுத்தத்தில் சேராமல் ஓடிய வண்டிகளுக்குச் சாலையே எதிரியானது. வளைத்து முறுக்கிய ஆணிகளைச் சாலையில் வீசினார்கள். எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேல்நோக்கி நிற்கும். ‘மிகேலித்தோ’ என்று அதற்குச் செல்லப்பெயர். டயர் தட்டுப்பாடு உள்ள நாட்டில் அதைவிட மலிவான ஆயுதம் இல்லை.

பின்னாலிருந்த வெளிநாட்டுக் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1975-இல் அமெரிக்க செனட் விசாரணைக் குழு வெளியிட்ட அறிக்கைப்படி, 1970 தேர்தலுக்கும் 1973 செப்டம்பருக்கும் இடையில் சிலியில் ரகசிய நடவடிக்கைகளுக்குச் சி.ஐ.ஏ. சுமார் 80 லட்சம் டாலர் செலவிட்டது. வேலைநிறுத்தக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வாஷிங்டன் அனுமதி தரவில்லை என்கிறது அந்த அறிக்கை. பணம் பெற்ற தனியார் துறை அமைப்புகள் வழியாக அது அவர்களிடம் போயிருக்க வாய்ப்பு உண்டு என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அந்தப் பணம் இல்லாவிட்டாலும் லாரிகள் நின்றிருக்கும் என்பது என் கணிப்பு. எத்தனை நாள் நின்றிருக்கும் என்பதுதான் கேள்வி.

*

இனி லா மொனேதாவுக்குள் போவோம். அதிபர் மாளிகை.

நெருக்கடியின் முதல் வாரத்தில் எந்த அரசாங்கத்துக்குள்ளும் நடப்பதுதான் அங்கும் நடந்தது. செய்திக்குப் பஞ்சமில்லை. தொலைபேசி ஓயவில்லை. ஒவ்வோர் அமைச்சருக்கும் அவருக்கென்று ஒரு தகவல். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு வதந்தி. ஆளும் கூட்டணியில் பல கட்சிகள் இருந்தன. அவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. சாந்தியாகோவில் மாவு தீர்ந்துவிட்டது என்று ஒருவர் சொல்லும்போது, அது இன்றைய செய்தியா, நேற்றையதா, ஒரு பேட்டையின் நிலையா, முழு நகரத்தின் நிலையா என்று சொல்ல யாரும் இல்லை.

தகவல் இருந்தது. நிலவரம் தெரியவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைத்தான் ப்ளோரெஸ் ஓராண்டாகப் படித்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் பொருளாதார அமைச்சகத்தில் உயர் பொறுப்புக்கு வந்துவிட்டார். அக்டோபர் நடுவில் அவர் முன்வைத்த யோசனை வெளிப்பார்வைக்கு மிக எளிமையானது: சைபர்சினுக்காகப் போட்ட டெலக்ஸ் வலையை அப்படியே எடுத்து இந்த நெருக்கடிக்குத் திருப்புவோம். மாளிகையில் ஒரு மையக் கட்டளை நிலையம். அதற்குக் கீழே போக்குவரத்து, தொழில், எரிசக்தி, வங்கி, பொருள் வழங்கல் என்று துறைவாரியாகச் சிறு நிலையங்கள். ஒவ்வொன்றும் தன் துறையின் செய்திகளைத் தானே வாங்கி, தன்னால் தீர்க்க முடிந்ததைத் தானே தீர்க்க வேண்டும். முடியாததை மட்டும் மேலே அனுப்ப வேண்டும்.

டெலக்ஸ் என்றால் இளைய வாசகர்களுக்கு என்னவென்று தெரியாமலிருக்கலாம். தட்டச்சுப் பொறியும் தொலைபேசிக் கம்பியும் சேர்ந்த கருவி. இங்கே அடித்தால், பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அதே எழுத்துகள் காகிதத்தில் தடதடவென்று விழும். எண்பதுகள் வரை நம்முடைய பெரிய கம்பெனிகளிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முந்தைய அரசு வாங்கிப் பயன்படுத்தாமல் போட்டுவைத்திருந்த சுமார் 500 டெலக்ஸ் கருவிகளை ப்ளோரெஸின் ஆட்கள் தேடி எடுத்து ஆலைகளில் பொருத்தியதை ஐந்தாம் பகுதியில் விரிவாகப் பார்த்தோம். அன்று அது சிக்கன ஏற்பாடு. ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு கணினி வாங்கிக் கொடுக்க அந்நியச் செலாவணி இல்லாத நாட்டின் சமாளிப்பு.

அந்தச் சமாளிப்புதான் அக்டோபரில் அரசின் கையில் மிஞ்சிய நரம்பு மண்டலம்.

*

அந்த நரம்பு எப்படி வேலை செய்தது?

ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். ஒரு ஊரில் மாவு ஆலை. ஆலைக்காரருக்குக் கோதுமை தீர்ந்துவருவது தெரியும். வேறொரு ஊரில் சேமிப்புக் கிடங்கு. அங்கே இருப்பவருக்குக் கோதுமை குவிந்து கிடப்பது தெரியும். மூன்றாவது ஊரில் ஓர் அரசு நிறுவனத்திடம் இரண்டு லாரிகள் சும்மா நிற்பது அதன் மேலாளருக்குத் தெரியும். பாலத்தருகே ஆணி இறைத்திருக்கிறார்கள், பழைய சாலையில் போனால் தப்பலாம் என்பது நான்காவது ஒருவருக்குத் தெரியும்.

நான்கு பேருக்கும் உண்மை தெரியும். ஆனால் ரொட்டி கிடைக்காது. நான்கு உண்மைகளும் ஓரிடத்தில், ஒரே நாளில், முடிவெடுக்க அதிகாரமுள்ள ஒருவர் முன்னால் சேரும்போதுதான் அது நிலவரம் ஆகிறது. பிறகு முடிவு எடுப்பது பெரும்பாலும் கடினமே இல்லை.

டெலக்ஸ் அறைகளில் இரவு பகலாக நடந்தது இந்தச் சேர்ப்பு வேலைதான். எங்கே என்ன தேவை, எங்கே என்ன இருப்பு, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எத்தனை வண்டி கிடைக்கும். உச்சத்தில் நாளொன்றுக்கு 2,000 டெலக்ஸ் செய்திகள் அந்த வலையில் ஓடின. மாளிகையிலிருந்து கீழே உத்தரவுகள் மட்டும் போகவில்லை. ஆலைக்கு ஆலை நேரடியாகவும் பேசிக்கொண்டன. உன்னிடம் டீசல் இருக்கிறதா, என்னிடம் மூலப்பொருள் இருக்கிறது என்ற பண்டமாற்றுப் பேச்சு பக்கவாட்டில் ஓடியது. இதை மேலிருந்து யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

காகிதத்துக்கு இன்னொரு பலன் இருந்தது. தொலைபேசியில் பேசியது காற்றோடு போகும்; டெலக்ஸ் பதிவாக நிற்கும். நேற்று எடுத்த முடிவு ஏன் பலிக்கவில்லை என்று இன்று புரட்டிப் பார்க்கலாம். எரிசக்தித் துறையில் அப்போது பணியாற்றியவர்கள் பின்னாளில் இதைத்தான் பெரிய பாடமாகக் குறிப்பிட்டார்கள்.

பியர் எப்போதும் அழுத்திச் சொன்ன ஒரு கொள்கை இங்கே நினைவுகூரத் தக்கது. அது அவருடையது அல்ல. ராஸ் ஆஷ்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் 1956-இல் எழுதிய சைபர்நெடிக்ஸ் நூலில் சொன்னது. ஓர் அமைப்பு எத்தனை விதமாகத் தடுமாறக்கூடுமோ, அத்தனை விதமாகப் பதில் சொல்லும் திறன் அதைக் கட்டுப்படுத்துபவரிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டுப்பாடு என்பது வெறும் பெயர். ஓர் அமைச்சரும் அவருடைய மூன்று செயலர்களும் ஒரு நாட்டின் ஆயிரம் தடுமாற்றங்களுக்கு ஈடுகொடுக்க முடியாது. ஆகவே இரண்டே வழிகள்: மேலே வரும் தடுமாற்றங்களை வடிகட்ட வேண்டும், கீழே பதில் சொல்லும் ஆட்களைப் பெருக்க வேண்டும்.

துறைவாரி நிலையங்கள் முதல் வேலையைச் செய்தன. ஆலைக்கு ஆலை நடந்த பேச்சு இரண்டாவதைச் செய்தது. இந்த அமைப்பில் என்னை வியக்க வைப்பது வேகம்கூட இல்லை. இவ்வளவு பெரிய நெருக்கடியிலும் எல்லாச் செய்தியும் அதிபரின் மேசைக்கு வர வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படாததுதான்.

*

அப்படியானால் கணினி?

சைபர்சின் என்றதும் உலகம் நினைப்பது கணினியைத்தான். அதன் நிரல் அந்தக் காலத்துக்கு மிக நுட்பமானது. ஒவ்வோர் ஆலையிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு அளவுகள்: உற்பத்தி, மூலப்பொருள் இருப்பு, வேலைக்கு வராதவர்கள் எண்ணிக்கை இப்படி. அவற்றில் ஒரு மாற்றம் தெரிந்தால் அது வெறும் தற்செயலா, ஒரு நாள் சறுக்கலா, மெல்ல மெல்ல ஆரம்பிக்கும் சரிவா என்று பேயஸ் கணிதம் கொண்டு பிரித்துப் பார்க்கும். சரிவு என்று தோன்றினால் முதலில் ஆலைக்கே சொல்லும். சரிசெய்து கொள்ள அவகாசம் தரும். அவகாசம் கடந்தால்தான் மேலே அபாய மணி அடிக்கும். தொழிலாளியின் தன்மானத்தைக் காப்பாற்றும் கணிதம் என்று இதைச் சொல்வேன்.

ஆனால் அக்டோபரில் இந்த நிரலுக்கு வேலை அதிகம் இல்லை. காரணம் அதன் அமைப்பிலேயே இருந்தது. எது வழக்கம் என்று தெரிந்தால்தான் எது வழக்கத்துக்கு மாறானது என்று அது சொல்லும். அந்த மாதம் வழக்கம் என்பதே இல்லை. எல்லா வரைகோடுகளும் ஒரே நாளில் கீழே விழும்போது, சரிவு ஆரம்பித்திருக்கிறது என்று ஓர் இயந்திரம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலத்தருகே ஆணி கிடப்பது எந்த உற்பத்தி எண்ணிலும் வராது. அதை ஒரு மனிதர் பார்த்து, இன்னொரு மனிதருக்குச் சொல்ல வேண்டும்.

சொன்ன மனிதர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். அன்றைய சிலியில் தட்டச்சு பெண்களின் வேலையாகவே கருதப்பட்டது. கட்டப்பட்டுவந்த அறையின் நாற்காலிகளில் எழுத்துப் பலகை வைக்காமல் கைப்பிடியில் பெரிய பொத்தான்களைப் பதித்ததற்கு இதுவே ஒரு காரணம்: தட்டச்சு தெரியாத ஆண்கள், ஆலையிலிருந்து வரும் தொழிலாளிகள், யார் வேண்டுமானாலும் அழுத்தலாம், நடுவில் தட்டச்சுக்காரப் பெண் தேவைப்படாது. ஆனால் நெருக்கடி வந்தபோது எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காரத் தெரிந்தவர்களை நம்பித்தான் அரசு இருந்தது. எந்தச் செய்தியை முதலில் அனுப்புவது, எது அவசரம், எது குழப்பமாக இருக்கிறது, திரும்பக் கேட்க வேண்டும் என்ற தீர்ப்புகள் அந்த மேசைகளைத் தாண்டித்தான் மேலே போக முடியும். அந்த அறையின் வடிவமைப்பாளர்கள், கூய் பொன்சீப்பே என்ற பெரிய ஜெர்மானியக் கலைஞர் உட்பட, இதைப் போதுமான அளவு சிந்திக்கவில்லை என்பதே என் வருத்தம்.

*

இந்த அக்டோபரைப் பற்றி ஒரு கதை உலகமெங்கும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. 40,000 லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த நாட்டில், 200 லாரிகளையும் டெலக்ஸ் கருவிகளையும் வைத்துக்கொண்டு அரசு தலைநகருக்குச் சோறு போட்டது என்று. நல்ல கதை. முழுக்கப் பொய்யும் அல்ல. ஆனால் இந்த அளவுக்குச் சுருக்கினால் உண்மை நசுங்கிவிடும்.

ஏனென்றால் வீதியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. முதலாளி பூட்டிய ஆலைகளைத் தொழிலாளிகள் திறந்து தாங்களே ஓட்டினார்கள். பக்கத்துப் பக்கத்து ஆலைகள் கைகோத்து ‘தொழில் வளையங்கள்’ என்ற அமைப்புகளாகத் திரண்டன. மாணவர்கள் ரயில் நிலையங்களில் மூட்டை இறக்கினார்கள். பொருள் வழங்கல் மற்றும் விலைக் குழுக்கள் என்ற பேட்டை அமைப்புகள், பெரும்பாலும் இல்லத்தரசிகள் நடத்தியவை, வந்த சரக்கு பதுக்கலுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டன. சில இடங்களில் மூடிய கடைகள் வலுக்கட்டாயமாகத் திறக்கப்பட்டன.

அந்த மக்கள் இல்லையென்றால் டெலக்ஸ் சொன்ன முகவரிக்குச் சரக்கு போய்ச் சேர்ந்திருக்காது. டெலக்ஸ் இல்லையென்றால் அந்த மக்களின் உழைப்பில் பாதி தவறான இடத்தில் செலவாகியிருக்கும். ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாக வைக்க முடியாது. இதில் எது எத்தனை சதவீதம் என்று பிரித்துக் காட்ட முயலும் ஆய்வுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் ஒன்று உறுதி. பட்டினி வந்து அரசு தானாகக் கவிழும் என்று எதிர்பார்த்தவர்களின் கணக்கு தவறியது. பற்றாக்குறை இருந்தது, வரிசைகள் நீண்டன, கோபம் இருந்தது. கவிழ்வு வரவில்லை. அக்டோபர் கடைசி வாரத்தில், முற்றுகையிட்டவர்களும் களைத்துப்போயிருந்தார்கள்.

*

இப்போது கதையின் திருப்பம்.

சரக்கை நகர்த்துவது ஒரு பிரச்சினை. வேலைநிறுத்தத்தை முடிப்பது வேறொரு பிரச்சினை. முதலாவதற்கு நிலவரம் தெரிந்தால் போதும். இரண்டாவதற்கு எதிரே இருப்பவர் நம்ப வேண்டும். அயெந்தேயின் வார்த்தையை லாரிக்காரர்கள் நம்பத் தயாராக இல்லை. எந்த டெலக்ஸும் அந்த நம்பிக்கையைக் கொண்டுவர முடியாது.

நம்பிக்கையைத் தரக்கூடிய ஒரே நிறுவனம் என்று இரு தரப்பும் அன்று கருதியது ராணுவத்தைத்தான்.

நவம்பர் 2. அயெந்தே தன் அமைச்சரவையை மாற்றினார். ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் கார்லோஸ் பிராட்ஸ் உள்துறை அமைச்சரானார், தளபதிப் பொறுப்பையும் விடாமலே. கடற்படையிலிருந்து ஒருவர், விமானப்படையிலிருந்து ஒருவர். சமநிலைக்காகத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் லூயிஸ் ஃபிகேரோவா தொழிலாளர் அமைச்சர். பொருளாதார அமைச்சராக 29 வயது பெர்னாந்தோ ப்ளோரெஸ்.

பிராட்ஸ் அரசியலமைப்பை மதித்த ராணுவ வீரர். அதில் எதிரிகளுக்கும் சந்தேகம் இல்லை. போக்குவரத்து நாட்டுடைமையாகாது, பழிவாங்கல் இருக்காது, வரும் மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல் ஒழுங்காக நடக்கும். இந்த உறுதிகளுக்குப் பின்னால் அவர் நின்றார். சில நாட்களில் லாரிகளின் இன்ஜின்கள் மீண்டும் உறுமின. ஏறத்தாழ நான்கு வாரங்கள் நீண்ட முற்றுகை முடிந்தது.

இந்த முடிவை எப்படி எடைபோடுவது? அயெந்தேக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அன்று ஒரு கோடு தாண்டப்பட்டது. அரசியலுக்கு வெளியே நிற்பதில் பெருமைகொண்ட ராணுவம், அமைச்சரவை மேசைக்கு அழைத்துவரப்பட்டது. அழைத்தவரே அதிபர்.

*

சைபர்சின் குழுவுக்குள் அந்த நவம்பரில் இருந்த மனநிலை கலவையானது.

ஒரு பக்கம் பெருமிதம். ஓராண்டாக ‘பொறியாளர்களின் விளையாட்டு’ என்று ஒதுக்கியவர்கள் இப்போது டெலக்ஸ் அறைக்கு வந்து நின்றார்கள். திட்ட இயக்குநர் ராவுல் எஸ்பெஹோவின் தலைமையில் வேலை வேகம் பிடித்தது. அறையின் நாற்காலிகள் ஃபைபர் கிளாஸில் வார்க்கப்பட்டன. திரைகளுக்கான படங்களைக் கலைஞர்கள் கையால் வரைந்துகொண்டிருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அதிபருக்குக் காட்ட வேண்டும் என்று இலக்கு.

மறுபக்கம் பியரின் மனத்தில் ஒரு நெருடல். அவர் வரைந்த அமைப்பில் ஐந்து அடுக்குகள் உண்டு. முதல் சந்திப்பில் அவர் அவற்றை ஒவ்வொன்றாக அயெந்தேக்கு விளக்கி உச்சிக்கு வந்தபோது, அந்த இடத்தில் இருப்பது அதிபர் அல்ல, மக்கள் என்று அயெந்தே முந்திக்கொண்டு சொன்னதை மூன்றாம் பகுதியில் படித்தீர்கள். திட்டத்தின் உயிரே அதுதான். ஆலையை ஆலைத் தொழிலாளிகள் நடத்துவார்கள்; மேலிடம் தவிர்க்க முடியாதபோது மட்டும் தலையிடும்.

ஆனால் அக்டோபரில் அந்த வலை எதற்குப் பயன்பட்டது? கட்டளை நிலையத்துக்கு. மாளிகை கேட்டது, ஆலை பதில் சொன்னது. நெருக்கடியில் அதில் தவறில்லை. பக்கவாட்டுப் பேச்சு கூடவே நடந்தது என்பதும் உண்மை. ஆயினும் எதற்குப் பயன்படும் என்று அரசு கண்ணால் கண்டதோ, அதற்குத்தான் இனி அரசு அந்த வலையைக் கேட்கும். வேலைநிறுத்தம் முடிந்ததும் அமைச்சகங்கள் விரும்பியது தொழிலாளர் சுயநிர்வாகத்துக்கான கருவியை அல்ல. அடுத்த முற்றுகையை உடைக்கும் கருவியை.

டிசம்பர் 30 அன்று அயெந்தே அந்த அறுகோண அறைக்குள் நுழையப்போகிறார். உடன் வரப்போகிறவர் ஜெனரல் பிராட்ஸ். கோடை வெயில் கடுமையாக இருக்கும். அதிபர் நாற்காலியில் அமர்ந்து ஒரு பொத்தானை அழுத்துவார். திரையில் வேறொரு படம் வந்து நிற்கும். அதற்கு அடுத்த வாரம், ஜனவரி 7 அன்று, லண்டனிலிருந்து ஒரு பத்திரிகை இந்த ரகசியத் திட்டத்தை உலகுக்குப் போட்டு உடைக்கும். அவை அடுத்த பகுதிக்கு.

அதற்கு முன்னால் ப்ளோரெஸும் பியரும் தமக்குள் விடை தேட வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. நெருக்கடியில் மாளிகையின் கைக்குப் போய்விட்ட இந்த வலையை, நெருக்கடி ஓயாத ஒரு நாட்டில், ஆலைத் தொழிலாளியின் கைக்குத் திரும்பக் கொடுக்க முடியுமா?

(தொடரும்)